படிக்கட்டுக்கு அடியில் ஆறு டிரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தக் கடிதம் வந்தது. இரண்டே பத்தி. என் கட்டடத்தின் காப்பீட்டை இம்முறை புதுப்பிக்க இயலவில்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அது முடிவடைகிறது என்று எழுதியிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: தரைத்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருட்கள், முந்தைய தீ நிகழ்வு.

நின்றபடியே மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை உட்கார்ந்து படித்தேன்.

கட்டடம் மூன்று தளம். தரைத்தளத்தில் என் தம்பியின் சோபாப் பட்டறை. முதல் தளத்தில் நான். இரண்டாம் தளத்தில் ஒரு நர்ஸும் அவருடைய அம்மாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கைத்தடியை ஊன்றி, ஒரு படிக்கு மூன்று மூச்சு வாங்கித்தான் இறங்குவார். அந்த இரண்டாம் தளம் வங்கிக் கடனில் எழும்பியது. பூச்சு வேலை முடிந்த ஆறாம் மாதம் என் கணவர் போய்விட்டார். கடன் போகவில்லை. கடன் பத்திரத்தின் பதினோராம் பிரிவு எனக்கு மனப்பாடம். காப்பீடு ஒரு நாள் அறுந்தாலும் மீதிக் கடன் முழுவதையும் ஒரே தவணையில் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. ஒரே தவணை என்றால் என்னைப் பொறுத்தவரை கட்டடத்தை விற்பது என்று அர்த்தம்.

வங்கிக்கு ஃபோன் செய்தேன். கடன் பிரிவுப் பெண் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"வெள்ளி அஞ்சு மணிக்குள்ள புது பாலிசி நகல் எங்களுக்கு வந்துடணும்மா. அஞ்சு ஒண்ணுன்னா சிஸ்டம் தானாவே நோட்டீஸ் அடிச்சிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

"அப்ப யார் கையில இருக்கு?"

"சிஸ்டம் கையிலம்மா."

பதினோரு மணிக்குத் தம்பி டீ குடிக்க மேலே வந்தான். தினமும் வருவான். தெருவில் அவனுக்குக் குஷன் என்றுதான் பெயர். சட்டையெல்லாம் பஞ்சும் நூலும் ஒட்டியிருக்கும். கடிதத்தை நீட்டினேன். டீயை ஊதிக்கொண்டே படித்தவன் ஊதுவதை நிறுத்தினான்.

"முந்தைய தீ நிகழ்வா? எந்தத் தீ?"

"போன மழையில மீட்டர் பெட்டியில புகை வந்துச்சே."

"அது நான் ஒரு வாளி மணலைக் கொட்டி அணைச்சது. அது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

"நஷ்டஈடு கேட்டா?"

"நஷ்டம்னு ஒண்ணும் ஆகலையே. தகவலுக்காக எழுதினேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணுமே ஆகாததுக்கு ஒரு கடிதம். கீழ என்னென்ன இருக்குன்னும் பட்டியல் போட்டியாக்கும்?"

"போட்டேன்."

"நெருப்புன்னு சொன்னா வாயா வெந்துடும்னு கேப்பாங்க. நீ எழுதி வீட்டையே வேக வச்சிட்டியேக்கா! வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, இப்ப குடையுதே குடையுதேன்னா?"

சிரிக்கத்தான் சிரித்தான். ஆனால் கண்ணைக் கடிதத்தைவிட்டு எடுக்கவில்லை. தரைத்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள் என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூரை வரை அடுக்கிய ஃபோம் சுருள்களும், படிக்கட்டுக்கு அடியில் ஆறு டிரம் பசையும் அவனுடையவை. மூடியைத் திறந்தால் மேல்மாடி வரை மூக்கைத் துளைக்கும் பசை.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. என் கணவர் போன பிறகு, கட்டடம் என் பேருக்கு மாறிய மாதம், அவன்தான் கேட்டுக்கொண்டான். "கட்டட விஷயம் எதுவானாலும் எழுதிக் கொடுத்துடுக்கா. பேசினா சண்டை வரும். நமக்குள்ள அது வேண்டாம்." எனக்கும் அது சரியென்று பட்டது. தண்ணீர் வாரிய அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதப் பிரிவில் இருந்தவள் நான். எழுத்தில் இருப்பது கத்தாது.

அந்த டிரம்களைப் பற்றி வருடத்துக்கு ஒன்றாக மூன்று கடிதம் எழுதி, உறையில் போட்டு, பட்டறைக் கதவுக்கு அடியில் சொருகியிருக்கிறேன். இரண்டாவது கடிதத்தில் ஒரு வழிகூடச் சொல்லியிருந்தேன். பதில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதமே வாடகையைத் தானாக ஏற்றிக் கொடுத்தான். இடத்துக்குக் காசு தருகிறேன், டிரம் நகராது என்று சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். அந்தக் கூடுதல் பணத்தை வாங்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும். வாய் திறந்து கேட்டதில்லை.

அன்று மதியம் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிறுவனம், பேசிய நேரம், சொன்ன விலை என்று மூன்று பத்தி. பழைய காப்பீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டாம் தளத்தின் ஒரு மாத வாடகை போகும். இன்னொரு அரை மாத வாடகை வரை என்னால் இழுத்துப் பிடிக்க முடியும். அதற்குமேல் போனால் கடன் தவணையில் கை வைக்க வேண்டும். தவணை தவறினாலும் அதே பதினோராம் பிரிவுதான்.

முதல் நான்கு பேரிடமும் பேச்சு ஒரே மாதிரி போயிற்று. கட்டடத்தின் வயது, கூரை, மின்கம்பி எல்லாம் சுமுகமாகக் கேட்பார்கள். பிறகு வரும்.

"தரைத்தளத்துல என்ன தொழில்ங்க?"

"சோபா செய்றாங்க."

"ஃபோம் வச்சிருப்பாங்களா?"

"வச்சிருக்காங்க."

"பசை?"

"அதுவும் இருக்கு."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

பாட்டு ஓடும். அந்த நிமிடங்களில் இரண்டு இன்னும் முடியவில்லை.

ஐந்தாவது நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐந்து மாத வாடகை கேட்டது. நன்றி சொல்லி வைத்தேன். ஆறாவது ஆள் பதினைந்து நாள் ஆகும் என்றார். ஏழாவது, சிறு கட்டடக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு காப்பீட்டுச் சங்கம். கரகரத்த குரலில் ஒருவர் எடுத்தார்.

"ஃபோன்ல விலை சொல்றதில்லம்மா. நான் வந்து பார்ப்பேன். வியாழன் காலையில. கட்டட சம்பந்தமா பழைய ரசீது, கடிதம் ஏதாவது இருந்தா எடுத்து வைங்க."

"இருக்குங்க. ஒன்பது ஃபைல்."

"ஒண்ணு போதும்மா," என்றார்.

புதன்கிழமை மாலை தம்பி ஓர் ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். எதற்கெடுத்தாலும் "ரெண்டே நிமிஷம்" என்பார். அதனால் பெயரே ரெண்டு நிமிஷம். நான்கரைக்கு வருகிறேன் என்றவர் ஆறேகாலுக்கு வந்தார். உட்கார்ந்ததும் படிவத்தை எடுத்து, என்னைக் கேட்காமலே நிரப்ப ஆரம்பித்தார்.

"பழைய விலைக்கே முடிச்சுத் தர்றேம்மா. ஒரு மாச வாடகை. கையெழுத்து மட்டும் உங்களுது."

எதிரே இருந்து தலைகீழாகவே படித்தேன். தரைத்தளத் தொழில்: தையல் கடை. முந்தைய தீ நிகழ்வு: இல்லை.

"தையல் கடையா?"

"சோபாவுக்கு உறை தைக்கிறாரா இல்லையா?"

"தைக்கிறான்."

"அப்ப தையல்தானே! நான் என்ன, பொய்யா எழுதியிருக்கேன்?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நிஜமாவே ஏதாவது ஆகி, ஆள் அனுப்பிப் பார்த்தாங்கன்னா?" என்றேன்.

"ஆகாதும்மா. ஆனா அப்ப பார்த்துக்கலாம். வங்கிக்கு வேண்டியது பேப்பர். பேப்பர் போயிடும். உங்க வீடு உங்களுக்கு."

"மழை வந்தா விரியாத குடைக்கு எதுக்குங்க காசு?"

"வெயில்ல யாரும் குடையை விரிச்சுப் பார்க்கிறதில்லம்மா."

ஆளுக்கு நாக்கில் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள். நான் அலமாரியைக் காட்டினேன். "டிரம்மைப் பத்தியும் புகையைப் பத்தியும் நான் எழுதின நகல் எல்லாம் அங்க இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

"நகலுக்கென்ன, கிழிச்சா கிழியாதா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

"போட்டுடுக்கா," என்றான் தம்பி. அப்போதும் சுவரைத்தான் பார்த்தான். "சனிக்கிழமை நாப்பது நாற்காலி டெலிவரி. இந்த நேரத்துல என்னை எதையும் மாத்தச் சொல்லாதே. உன் கையெழுத்து ஒண்ணு. எல்லாருக்கும் நிம்மதி."

நாளை மறுநாள் வரை நேரம் இருக்கிறது, படிவம் இருக்கட்டும் என்றேன். ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினார். படிவத்தை மேசையில் விரித்து, மேலே கண்ணாடிக் குண்டை வைத்தேன். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

வியாழன் காலை ஒன்பதுக்குச் சங்கத்து ஆய்வாளர் வந்தார். கையில் டார்ச், அளவு நாடா, ஒரு பழைய கைப்பை. முன்பு தீயணைப்பு வண்டியில் இருந்தாராம். இடது கைக் கட்டைவிரலில் நகம் இல்லை. பட்டறைக்குள் போய் எதையும் தொடாமல் ஒரு சுற்று வந்தார். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். மூக்கை ஒரு தடவை இழுத்துக்கொண்டார். தம்பி தைப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

"மேல யார் இருக்காங்க?"

சொன்னேன். இரண்டாம் தளத்துக்கு ஏறிப்போய், நர்ஸின் அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார். "அம்மா, வாசல் வரைக்கும் ஒரு தடவை இறங்கி வர முடியுமா? அவசரமே இல்ல. எப்பவும் இறங்குற மாதிரி."

"பந்தயமாப்பா?" என்றார் அந்த அம்மா. "பரிசு உண்டா?"

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி பின்னாலேயே இறங்கினார். இருபத்தெட்டுப் படி. டொக், ஒரு கால், இன்னொரு கால், மூச்சு. டொக். நான் கீழே நின்று எண்ணினேன். இத்தனை நாள் அந்தச் சத்தத்தை மணிக்கூண்டுச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், எண்ணியதில்லை. வாசலைத் தொட்டபோது நாலேமுக்கால் நிமிடம்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆய்வாளர் என் பக்கம் வந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "அந்த ஆறுல ஒண்ணு பிடிச்சா, இந்தப் படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆயிடும். எனக்குத் தெரிஞ்சு ஒன்றரை நிமிஷம். அதுக்கு மேல போகாது."

முதல் தளத்தில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினார். மின்கம்பி மாற்றிய ரசீது, வருடாவருடம் சோதித்த சான்று, தொட்டிக் கசிவுக்கு நான் கொத்தனாருக்கு எழுதியது, கொத்தனார் வரவில்லை என்று மறுபடி எழுதியது. ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டினார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு அந்த மூன்று நகல்களுக்கு வந்தார். நிதானமாகப் படித்தார்.

"இது யாருக்கு எழுதினது?"

"என் தம்பிக்கு. கீழ இருந்தானே."

"கீழன்னா எத்தனை படி?"

"பதினாலு."

"மூணு வருஷம். மூணு கடிதம். பதில்?"

"வாடகையை ஏத்திக் குடுத்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அழுக்கு எதுவும் அதில் இல்லை. பிறகு கைப்பையிலிருந்து தாள் எடுத்தார்.

"ஒன்றரை மாச வாடகைக்கு நான் சிபாரிசு பண்றேன். சின்னச் சேதத்துல முதல் ஒரு மாச வாடகை அளவுக்கு உங்க பொறுப்பு, அதுக்கு மேல சங்கம். ஆனா டிரம் எல்லாம் கட்டடத்தை விட்டு வெளிய போகணும். சுவர்ல இருந்து ஆறு மீட்டராவது தள்ளி. படிக்கட்டுப் பக்கம் ஃபோம் ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது. நாளைக்கு மூணு மணிக்கு வந்து பார்ப்பேன். போயிருந்தா அங்கேயே பாலிசி. போகலைன்னா, எந்த விலைக்கும் இல்ல."

"மாத்திடுவோம்னு எழுதிக் கொடுத்தா..."

"எழுதினது போதும்மா," என்றார்.

அன்று மதியம் பதினான்கு படி இறங்கினேன். பட்டறையில் நாற்பது நாற்காலியின் எலும்புக்கூடுகள் வரிசையாக நின்றன. தம்பி ஆணித் துப்பாக்கியால் துணியை இழுத்து அடித்துக்கொண்டிருந்தான். டப். டப்.

"டிரம் நாளைக்கு மூணு மணிக்குள்ள வெளிய போகணும்."

டப். "எழுதிக் கொடு."

"இனிமே எழுத மாட்டேன். சொல்றேன்."

துப்பாக்கியை நிறுத்தாமலே சொன்னான். "நாப்பது நாற்காலி. சனிக்கிழமை. பசை இல்லாம எச்சில் தொட்டா ஒட்டுவேன்? ஏஜெண்ட் அத்தனை தூரம் வந்து ஒரு வழி சொன்னான். உனக்கு உன் கையெழுத்து பெரிசு. நேரா சொல்லேன், என்னைக் காலி பண்ணச் சொல்றேன்னு."

"உன்னை இல்ல. டிரம்மை."

"அது இருக்கிற இடத்துல நான். எங்க கொண்டு வைக்கிறது, என் தலை மேலயா?"

"மூணு வருஷமா இடம் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்! கண்டுக்கவே இல்லையே நீ. வேண்டாம்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எப்ப சொன்னே இடம்?"

"ரெண்டாவது கடிதத்துல."

டப் சத்தம் நின்றது. துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். பிறகு வெட்டுமேசையின் இழுப்பறையை இழுத்தான். கத்தரி, பித்தான், சுண்ணாம்புக் கட்டி, அவற்றுக்கு அடியில் மூன்று உறைகள். என் கையெழுத்தில் அவன் முகவரி. மூன்றும் ஒட்டினபடியே இருந்தன.

"பிரிக்கவே இல்லையா?"

"பிரிச்சு என்ன ஆகப்போகுது? வாடகைக்காரனுக்கு வீட்டுக்காரி கவர் அனுப்பினா என்ன இருக்கும்? வாடகையை ஏத்துறேன்னு இருக்கும். அதைப் படிச்சு மனசு கஷ்டப்பட்டு, அப்புறம் குடுக்கிறதுக்கு, படிக்காமலே குடுத்துட்டேன்."

"எவ்வளவுன்னு தெரியாமலா?"

"தோணினதை ஏத்தினேன். நீயும் கம்மின்னு சொல்லல. சரி, ஓரளவு கிட்டத்தட்ட வந்துட்டோம்னு நினைச்சேன்."

இரண்டாவது உறையை நானே பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்தேன். கத்தரியால் ஓரத்தை வெட்டிப் பிரித்தான். உதடு அசைய, பள்ளிக்கூடத்துப் பையன்போல மெல்லப் படித்தான். பின்புறம் மதிலோரம் உள்ள தகரக் கொட்டகையைப் பசை டிரம்கள் வைக்க வாடகையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வரிக்கு வந்ததும் நாற்காலியின் எலும்புக்கூடு ஒன்றில் உட்கார்ந்துவிட்டான்.

"வாடகையில்லாமலா?"

"எழுதியிருக்கில்ல."

"நான் மூணு தடவை ஏத்திக் குடுத்தேனேக்கா. எதுக்குடா இதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கொழுப்புல குடுக்கிறேன்னு நினைச்சேன்."

"கொழுப்பா? கொழுப்பு இருந்தா எவனாவது ஏத்திக் குடுப்பானா?"

இருவரும் அந்த மூன்று உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் எழுந்து, "கொட்டகைச் சாவி எங்க?" என்றான்.

சாவி கிடைக்கவில்லை. வெள்ளி காலை ஏழுக்குப் பூட்டை உடைத்தோம். உள்ளே என் கணவர் வைத்துவிட்டுப் போனதெல்லாம் இருந்தது. பழைய ஜன்னல் சட்டங்கள், மூட்டையிலேயே கல்லாகிப்போன சிமெண்ட், காற்றிறங்கிய ஸ்கூட்டர். ஒவ்வொன்றையும் பார்த்து நிற்க எனக்கு ஆசைதான். நேரமில்லை. தம்பியின் பட்டறை ஆட்கள் இருவரும் அவனுமாக இழுத்து வெளியே போட்டார்கள். பதினொன்றுக்கு மழை பிடித்தது. டிரம்களைத் தார்ப்பாய் போர்த்தி, சாய்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். ஃபோம் சுருள்களைப் பட்டறையின் எதிர்க்கோடிக்கு மாற்றினார்கள். ஒரு மணிக்கு ஐந்து டிரம் கொட்டகையில் இருந்தது.

ஆறாவது நகரவில்லை.

அடியில் துரு பிடித்து, பசை கசிந்து, எத்தனை மாதமோ, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர் தள்ளினார்கள். கடப்பாரை வைத்து நெம்பினார்கள். கட்டை கொடுத்துத் தட்டினார்கள்.

"நல்ல பசைதான் வாங்கியிருக்கேன்," என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

மூன்று மணி ஆயிற்று. ஆய்வாளர் வரவில்லை. அவர் ஃபோன் அணைந்திருந்தது. மூன்றரை. சங்கத்துக்கு அடித்தேன், அவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது, எங்கே என்று தெரியாது என்றார்கள். மூன்றே முக்காலுக்குத் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைவது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நான்கு பத்துக்கு மேலே வந்தேன். ஃபோன் அடித்தது. ரெண்டு நிமிஷம்.

"என்னம்மா, கையெழுத்து ஆச்சா? போட்டு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. அஞ்சுக்குள்ள பாலிசி உங்க கையில. ரெண்டே நிமிஷம்."

வைத்துவிட்டுக் கண்ணாடிக் குண்டை நகர்த்தினேன். தையல் கடை. இல்லை. பெருக்கல் குறி. கட்டடம் இருந்தால்தானே டிரம்மை நாளைக்கு எடுக்க முடியும் என்று மனது சொல்லியது. ஐந்து டிரம் போய்விட்டதே, பொய்யில் ஆறில் ஐந்து பங்கு குறைந்துவிட்டதே என்றும் சொல்லியது. பேனா மூடியைத் திறந்தேன். முதல் எழுத்தைப் போட்டேன்.

டொக்.

மேல் படிக்கட்டில். ஒரு கால், இன்னொரு கால், மூச்சு. டொக். கீழே என்ன இத்தனை சத்தம் என்று பார்க்க நர்ஸின் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். மகள் பகல் வேலைக்குப் போயிருந்தாள். என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். அவர் என் தளத்துக்கு வந்து, கதவு திறந்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, இடிச்சுத் தள்றீங்களா வீட்டை?" என்று கேட்டுவிட்டு அடுத்த பதினான்கு படிக்குத் திரும்பியபோது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடத்துக்குமேல் போயிருந்தது. ஆய்வாளர் சொன்ன ஒன்றரை நிமிடம் பாதி வழியில், என் கதவுக்கு மேலேயே முடிந்திருந்தது.

படிவத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். "ரத்து" என்று எழுதித் தேதி போட்டேன். மணி நான்கு பத்தொன்பது. அந்தக் கோட்டோடு வீடும் போனதென்றே நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

தம்பி தரையில் மல்லாந்து கிடந்தான். இரண்டு காலையும் டிரம்மில் ஊன்றி, தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து, முகம் கறுக்க உதைத்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கத்தினான்.

"இல்ல. கிழிச்ச மாதிரிதான்."

"அய்யோ, நீ ஒரு..." மீதியைச் சொல்லாமல் அந்தக் கோபத்தையும் சேர்த்து உதைத்தான். கோணித் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். டிரம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆட்கள் இருவரும் பாய்ந்து பிடித்தார்கள். நான்கு பேருமாக அதை மழையில் உருட்டிக்கொண்டு ஓடினோம். என் செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று.

திரும்பி வந்தபோது வாசலில் ஆய்வாளர் நின்றார். பேண்டை முழங்கால் வரை சுருட்டி, கைப்பையைத் தலைமேல் பிடித்திருந்தார். செருப்பில்லாத என் ஒரு காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். ஆறு வட்டம் இருந்தது. ஆறாவது வட்டத்தில் சிமெண்ட் பெயர்ந்து வந்திருந்தது. கொட்டகைக்குப் போய் நாடா பிடித்தார். டிரம்களிலிருந்து கட்டடச் சுவர் வரை ஏழு மீட்டர். மழையில் நின்றே இரண்டு முறை அளந்தார்.

"ஆறு கேட்டேன். ஏழு இருக்கு," என்றார்.

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். நான் வரிவரியாகப் படித்தேன். சோபாப் பட்டறை என்றே இருந்தது. முந்தைய தீ நிகழ்வு: மீட்டர் பெட்டியில் புகை, உரிமையாளரே தெரிவித்தது. முழுக் கையெழுத்தும் போட்டேன். நான்கு ஐம்பத்தொன்றுக்கு அவர் ஃபோனிலிருந்து வங்கிக்குப் போயிற்று. நான்கு ஐம்பத்தாறுக்குக் கடன் பிரிவுப் பெண் அழைத்தார்.

"வந்துடுச்சும்மா."

"சிஸ்டம் என்ன சொல்லுது?"

"பச்சையாக் காட்டுது."

ஆய்வாளர் போன பிறகு தம்பி படியில் உட்கார்ந்து பாதத்தில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் டெலிவரிக்கு இன்னும் பதினேழு நாற்காலி பாக்கி. முகத்தில் அந்தக் கவலை இருந்தாலும், வேறொன்றும் இருந்தது.

"அக்கா."

"ம்."

"மூணு தடவை ஏத்திக் குடுத்தேன் பாரு. நீ கேக்காத வாடகை. அதைத் திருப்பிக் குடுத்துடுவேல்ல?"

"கட்டட விஷயமா?"

"கட்டட விஷயம்தான்."

"எழுதிக் கொடு. பரிசீலிக்கிறேன்."

என்னை ஒரு நிமிடம் முறைத்தான். பிறகு அங்கேயே நாற்காலி வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியால் முழங்காலில் வைத்து எழுதினான். என் தம்பி எனக்கு எழுதிய முதல் கடிதம். மூன்று வரி. இரண்டு கைகளாலும் வாங்கிப் படித்தேன்.

தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.